ஒரே ஒரு படம் இறக்கியிருக்கிறீர்கள்

உங்களுக்கு முன்னால் பத்தொன்பது பேர் காத்திருக்கிறார்கள் என்கிறது திரையின் வலது ஓரத்தில் இருக்கும் சின்னப் பெட்டி. ரேஷன் கடையாக இருந்தால் அந்தப் பத்தொன்பது முதுகையாவது பார்க்கலாம், இரண்டு பேர் சலித்துப்போய்க் கிளம்புவார்கள், ஒருத்தி பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போவாள், அவளோடு சண்டை போடலாம், நேரம் போகும். இங்கே யாரோடு சண்டை போடுவது. பதினொன்று பத்துக்குப் போனில் வந்த செய்தியை இத்தோடு ஏழாவது தடவையாகப் படிக்கிறேன். உங்கள் கணக்கிலிருந்து பதினோராயிரத்து எண்ணூறு ரூபாய் எடுக்கப்பட்டது. யாருக்கு என்ற இடத்தில் இங்கிலீஷில் ஒரு பெயர், பெயருக்குப் பின்னால் நட்சத்திரக் குறி. முதலில் எவனோ திருடிவிட்டான் என்றுதான் நினைத்தேன், கை பதறிவிட்டது, மாப்பிள்ளையின் இடது காது போய்விட்டது. என் வேலை அப்படி. போட்டோவிலிருந்து ஆளை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்து வேறு பின்னணியில் நிறுத்த வேண்டும். நாளை மறுநாள் ஆவணியின் முதல் முகூர்த்தம், அருப்புக்கோட்டையில் இருக்கிற எல்லா ஃப்ளெக்ஸ் கடையிலும் இன்றைக்கு மாப்பிள்ளைகள்தான். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் திரையையே பார்த்துக்கொண்டிருந்த இந்த மாப்பிள்ளையின் தாய்மாமா எழுந்தே விட்டார். "ஏம்மா, காத எங்க காணோம்?" "இருக்கு அண்ணாச்சி, எங்கயும் போகல, உக்காருங்க." ஒரு பொத்தானை அமுக்கினால் காது திரும்ப வந்துவிடும், வந்துவிட்டது. பதினோராயிரத்து எண்ணூறுக்கும் அப்படி ஒரு பொத்தான் இருந்தால் தேவலை. அதைத்தான் அரை மணி நேரமாகத் தேடி, அந்தக் கம்பெனிப் பக்கத்தின் அடியிலும் அடியில் பொடி எழுத்தில் உதவி என்று இருந்ததைக் கண்டுபிடித்து, அதைத் தட்டினால் இந்தப் பெட்டி வந்து நிற்கிறது. பதினெட்டு பேர்.

படக் கம்பெனி. உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, வருஷச் சந்தா கட்டினால் எடுத்துக்கொள் என்கிற கம்பெனி. பெயரைப் பார்த்ததும் ஞாபகம் வரவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. போன வருஷம், இதே நாற்காலி, இதே திரை. அப்பா காலை ஆறு மணிக்குப் போய்விட்டார், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர ஒன்பது ஆனது, பத்து மணிக்கு நான் கடையில் இருந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் ஒரு மாதிரி பார்த்தார்கள். முதலாளி ஜெயசீலன் அண்ணன்கூட, "ஈஸ்வரி, நீ வீட்டுக்குப் போம்மா, மதுரையில சொல்லி அடிச்சு வாங்கிருவோம்" என்றார். மாட்டேன் என்றேன். இந்த ஊரில் இருபது வருஷமாகக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கிறவள் நான், எங்கப்பாவுக்கு மட்டும் எவனோ மதுரைக்காரன் அடிப்பானா, அவன் சுற்றிலும் ரோஜாப்பூ போட்டுக் கெடுத்துவிடுவான். எங்கள் கடையில் உடம்பு என்று ஒரு ஃபோல்டர் உண்டு. செத்துப்போனவர்களுக்கு நல்ல போட்டோ இருக்காது, ரேஷன் கார்டிலிருந்தோ கல்யாண குரூப் போட்டோவிலிருந்தோ தலையை மட்டும் எடுப்போம், கழுத்துக்குக் கீழே இந்த ஃபோல்டரிலிருந்து. மொத்தம் பதினோரு உடம்பு. நீலக் கோட்டு, சாம்பல் கோட்டு, பட்டு வேட்டி சட்டை, பெண்களுக்கு அரக்குப் பட்டு, பச்சைப் பட்டு. வாழ்நாளில் கோட்டைத் தொட்டே பார்க்காதவர்கள் எல்லாம் கோட்டு போட்டுப் போய்ச் சேர்ந்தார்கள், ஒருத்தரும் குறை சொன்னதில்லை. நீலக் கோட்டை மட்டும் இருநூறு பேருக்காவது மாட்டியிருப்பேன். எங்கிருந்து வந்த உடம்புகளோ, யாரோ பென்டிரைவில் கொண்டுவந்தது, நெட்டில் சும்மா கிடக்கிறதே என்று எடுத்தது, எல்லாம் திருட்டுத்தான், ஒருநாளும் உறுத்தியதில்லை. அன்றைக்கு உறுத்தியது. அப்பா ஒரு பீடியைக்கூட யாரிடமும் ஓசியில் வாங்காதவர். கடைக்காரர் சில்லறை இல்லை, நாளைக்குத் தாங்க என்றாலும் பீடியைத் திருப்பி வைத்துவிட்டு வருவார். அவருக்குத் திருட்டு உடம்பு வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

அதனால்தான் அந்தக் கம்பெனிக்குப் போனேன். முதியவர், இந்தியர், வெள்ளைச் சட்டை என்று தேடினேன். வந்தார்கள் நூற்றுக்கணக்கில். லேப்டாப்பைப் பார்த்துச் சிரிக்கிற கிழவர், பேரனைத் தோளில் தூக்கிய கிழவர், முட்டியைப் பிடித்துக்கொண்டு முகம் சுளிக்கிற கிழவர். வீட்டில் அப்பாவைக் கிடத்தியிருக்கிறார்கள், நான் இங்கே உட்கார்ந்து ஊர்ப்பட்ட கிழவர்களைத் தள்ளித் தள்ளி விடுகிறேன், நீ வேண்டாம், நீ வேண்டாம் என்று. நாலாவது பக்கத்தில் அவர் இருந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, சாம்பல் பின்னணி, நெஞ்சுக்கு முன்னால் கைகட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார். தோள் அகலம், கழுத்துச் சதை, சட்டை வயிற்றில் விழுகிற மடிப்பு, அத்தனையும் அப்பா. முகம்தான் வேறு யாரோ. ஒரு படத்தை மட்டும் தனியாக விற்கமாட்டார்களாம், வருஷச் சந்தாதான், ஆனால் முதல் வருஷம் சலுகை விலை, அது ஒரு கிலோ ஆட்டுக்கறி விலைகூட வராது. அட்டை எண்ணைக் கேட்டது, கொடுத்தேன். கீழே பொடி எழுத்து இருந்தது, படிக்காமல் ஏமாந்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை, படித்தேன், ஒரு வருடம் முடிந்ததும் முழு விலையில் தானாகவே புதுப்பிக்கப்படும். அப்பா திதிக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்று அந்த நிமிஷமே மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

திதிக்கு முன்னால். யாராவது கேட்டால் சிரிப்பார்கள். அப்பா போனது ஆகஸ்ட் பதினெட்டு, ஆவணி இரண்டு, தேய்பிறை சப்தமி. எங்கள் வீட்டில் பதினெட்டு என்று யார் சொன்னார்கள், ஆவணித் தேய்பிறைச் சப்தமி என்றுதான் அன்றையிலிருந்து பேச்சு. தை மாசம் புதுக் காலண்டர் வந்ததும் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு கோயில் ஐயரிடம் போய் முதல் திதி எந்த நாள் என்று கேட்டு, செப்டம்பர் ஆறாம் தேதித் தாளை மடக்கி வைத்துவிட்டு வந்தாள். நிலவுக் கணக்கு அப்படி, இந்த வருஷம் பத்தொன்பது நாள் தள்ளி வருகிறது. நானும் பொறுப்பாகப் போனை எடுத்து, செப்டம்பர் இரண்டாம் தேதி படக் கம்பெனியை நிறுத்து என்று அலாரம் வைத்தேன். வைத்துவிட்டு என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன், நாலு நாள் கையிருப்பு என்று. கம்பெனிக்கு ஏது தேய்பிறை, ஏது சப்தமி. அது ஆகஸ்ட் பதினெட்டு என்றால் ஆகஸ்ட் பதினெட்டு. காலையில் வீட்டில் இட்லி ஊற்றி, அம்மாவோடு கருவேப்பிலை விலையைப் பற்றிப் பேசிவிட்டு, பஸ் பிடித்து வந்து உட்கார்ந்து மாப்பிள்ளையை வெட்டுகிறேன், இன்றைக்கு அந்த நாள் என்று எனக்கும் நினைப்பில்லை, அம்மாவுக்கும் இல்லை, கொள்ளி வைத்த சித்தப்பா மகனுக்கும் இருந்திருக்காது. உலகத்திலேயே எங்கப்பா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று ஞாபகம் வைத்திருந்தது அந்தக் கம்பெனி ஒன்றுதான். இதை நினைத்ததும் பணம் போன ஆத்திரத்துக்குள்ளே வேறு ஏதோ ஒன்று வந்து கண்ணை மறைத்தது, மாப்பிள்ளையின் தலைமுடி ஓரம் தெரியவில்லை, முந்தானையால் துடைத்துக்கொண்டேன். "ஏம்மா, தூசியா?" என்றார் தாய்மாமா. ஆமாம் என்றேன். பதினொரு பேர்.

நேற்றே ஒரு முன்னறிவிப்பு வந்திருக்கிறது, இப்போதுதான் பார்க்கிறேன், லோன் வேண்டுமா, நிலம் வேண்டுமா, பல் கட்டவேண்டுமா என்கிற செய்திகளுக்கு நடுவில், நாளை இவ்வளவு எடுக்கப்படும் என்று பணிவாகச் சொல்லியிருக்கிறது. எடுத்தது எந்தப் பணம் என்பதுதான் விஷயம். அந்தக் கணக்கில் வேறு பணம் கிடையாது. அம்மா எண்ணெய்க் கடையில் நின்று பாக்கெட் போட்டு, மாசம் ஆயிரம் ஆயிரமாக என்னிடம் கொடுத்து வைத்தது, முதல் திதிக்கு ஐயருக்கும் முப்பது இலைச் சாப்பாட்டுக்கும். மகன் இல்லாத வீடு, முதல் திதியை எடுப்பாகச் செய்தாள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு. அவளிடம் போய் என்னவென்று சொல்வது. அம்மா, அந்தப் பணம் போய்விட்டது. எங்கே போனது. அப்பா படத்துக்கு. அப்பா படத்துக்குத்தான் போன வருஷமே சட்டம் போட்டாயிற்றே. இல்லை அம்மா, அதில் இருக்கிற உடம்புக்கு. எந்த உடம்புக்கு. இந்த இடம் வந்ததும் நினைப்பு ஒவ்வொரு தடவையும் சிக்கிக்கொண்டு நிற்கிறது. ஏனென்றால் அது வேறு ஒருவர் உடம்பு என்று அம்மாவிடம் நான் சொன்னதே இல்லை. அதற்குப் பின்னால் ஒரு விரல் இருக்கிறது.

அப்பாவுக்கு வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான். எனக்கு நாலு வயசாக இருக்கும்போது மில்லில் பஞ்சு சிக்கெடுக்கிற மெஷினில் போனது. மில்லில் இரண்டு மாசச் சம்பளமும் ஒரு சைக்கிளும் கொடுத்தார்கள், அந்தச் சைக்கிளில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், பின்னால் உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு விரலுக்கு ஒரு சைக்கிள் என்று அப்போது எனக்குத் தெரியாது. விரல் போனதைவிட அதை மறைக்கிறதுதான் அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது. போட்டோ என்றால் கை பின்னால் போய்விடும், இல்லை துண்டுக்குள், இல்லை முன்னால் நிற்கிற யாருடைய தோளுக்கோ பின்னால் அவரே போய்விடுவார். என் கல்யாண குரூப் போட்டோவில் பெண்ணைப் பெற்றவர் மூன்றாவது வரிசையில் நிற்கிறார், பெரிய மாமாவுக்குப் பின்னால், பாதி முகம். அந்தப் பாதியிலிருந்துதான் நான் தலையை எடுத்து, மீதியை வோட்டர் அட்டையிலிருந்து ஒப்பேற்றினேன். அன்றைக்கு என் கண்ணெல்லாம் கழுத்துச் சேர்க்கையில்தான் இருந்தது, தோல் நிறம் ஒத்துவரவேண்டும், நிழல் ஒரே பக்கம் விழவேண்டும். கை முன்னால் கட்டியிருக்கிறது, வலது கை மேலே இருக்கிறது, ஆள்காட்டி விரல் நகம் வரைக்கும் முழுசாக எல்லாவற்றுக்கும் மேலே தெரிகிறது என்பதைப் பதினாறாம் நாள் படத்தைச் சட்டம் போட்டு மாட்டி மாலை போட்ட பிறகுதான் பார்த்தேன். பெற்ற மகள், நாள் முழுக்க ஒட்டுவேலை பார்க்கிறவள், இதைப் பார்க்கவில்லை. வந்தவர்களில் ஒருத்தரும் சொல்லவில்லை. சித்தப்பா மகன், "பெரியப்பா கம்பீரமா இருக்காரு" என்றான். அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள், முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள், அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு வருஷமாகத் தினமும் காலையில் அதற்குப் பூ வைக்கிறாள். நான் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

தை மாசம் திருமங்கலம் வழியாகப் போகும்போது ஊருக்குள் பஸ் நின்றது, எதிரே காதுக் கருவி விற்கிற கடை, அதன் போர்டில் அந்த உடம்புக்காரர் நிற்கிறார், அதே சட்டை, அதே கை, மேலே அவருடைய சொந்த முகம். சிரித்துக்கொண்டிருக்கிறார். ஒரு நொடி எங்கப்பா தலையைக் கழற்றி வைத்துவிட்டு வேறு தலை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி இருந்தது, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, பக்கத்து சீட்டுக்காரி என்னம்மா என்றாள். அவருக்கும் ஒரு மகள் இருப்பாள். அவள் பஸ்ஸில் போகும்போது எங்கேயாவது இவரைப் பார்த்து, எங்கப்பா, என்று பக்கத்தில் இருக்கிறவர்களிடம் காட்டுவாள். நான் யாரிடம் காட்டுவது. அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஆனி மாசம் ஒரு மதியம் கடையில் யாரும் இல்லாத நேரம், அந்தப் படத்தைத் திறந்து கையைப் பெரிதாக்கி, ஆள்காட்டி விரலைப் பாதியில் வெட்டினேன். வெட்டிய இடத்தைப் பக்கத்து விரலின் தோலை எடுத்து மூடி, அப்பா விரல்நுனி எப்படி ஒரு பக்கம் சரிந்து மழுங்கி இருக்குமோ அப்படியே உருட்டினேன். இருபது நிமிஷ வேலை. மில் மெஷின் ஒரு நொடியில் செய்ததை நான் இருபது நிமிஷம் நிதானமாக உட்கார்ந்து செய்தேன். அன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அப்பா 2 என்று பெயர் கொடுத்துச் சேமித்து வைத்தேன், திதிக்கு முன்னால் பிரிண்ட் எடுத்து, அம்மா குளிக்கப் போகிற நேரம் சட்டத்துக்குள் மாற்றிவிட வேண்டும், அதுதான் உண்மை, அதுதான் அப்பா. இரண்டு மாசமாகிறது, பிரிண்ட் கொடுக்கவில்லை. இன்றைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போகிறேன். நாலு பேர்.

"ஈஸ்வரி, மாப்பிள்ள ஆச்சா?" பின்னால் மெஷின் ஓடுகிற அறையிலிருந்து ஜெயசீலன் அண்ணன் கத்துகிறார், மை நாற்றம் அவர் குரலோடு சேர்ந்து வருகிறது. "பத்து நிமிசம்ணே." "அரை மணி நேரமா பத்து நிமிசம்கிற." தாய்மாமா எனக்குப் பரிந்துகொண்டு, "பாவம், அது கண்ணுல தூசி விழுந்துருச்சுய்யா" என்கிறார். பெட்டியில் எண் போய்விட்டது. ஓவன் உங்களோடு இணைந்திருக்கிறார் என்று வந்திருக்கிறது. ஓவன். எந்த ஊரோ, ஆளோ மெஷினோ. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறான். பதினோராயிரத்து எண்ணூறு போனவள் எப்படி இருப்பாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அடித்தேன், என்னைக் கேட்காமல் பணம் எடுத்துவிட்டீர்கள், எனக்குச் சந்தா வேண்டாம், பணம் வேண்டும். வருந்துகிறேன் என்றான். பார்க்கிறேன் என்றான். மூன்று புள்ளி குதித்தது. பாதி விலைக்குத் தருகிறேன், இருக்கிறீர்களா என்றான். வேண்டாம் என்றேன். மூன்று மாதம் சேர்த்துத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். காய்கறிக்காரன்கூட இரண்டு தடவைதான் கூப்பிடுவான். அப்புறம் வழிக்கு வந்தான். முழுப் பணமும் திருப்பித் தரலாம், ஆனால் கணக்கு மூடப்படும், சலுகை விலையில் எடுத்த படங்களுக்கு உரிமை கணக்கு இருக்கும் வரைக்கும்தான், அதனால் அவற்றை எல்லா இடத்திலிருந்தும் அகற்ற வேண்டும், கோப்புகளை அழிக்க வேண்டும், அழித்துவிட்டதாக நீங்கள் உறுதி சொல்ல வேண்டும். அதற்குக் கீழே, சும்மா உபகாரமாகச் சொல்கிற மாதிரி, உங்களுக்கு இது சுலபம்தான், ஒரு வருடத்தில் ஒரே ஒரு படம் இறக்கியிருக்கிறீர்கள், என்று போட்டு, பக்கத்தில் அந்தப் படத்தையும் ஒட்டியிருந்தான். நகம் அளவுக்குச் சின்னதாக அவர் கைகட்டி நிற்கிறார். இந்தப் படம் இப்போது எங்காவது பயன்பாட்டில் இருக்கிறதா, கோப்பை அழித்துவிட்டீர்களா.

இருக்கிறது, எங்கள் வீட்டு முன்னறையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஊதுபத்திப் புகை பட்டுச் சட்டம் ஒரு பக்கம் மஞ்சளாகி. இல்லை என்று ஒரு வார்த்தை அடித்தால் முடிந்தது, அருப்புக்கோட்டைக்கு வந்து சுவரைப் பார்க்கவா போகிறான். பதினோரு உடம்பை இருபது வருஷம் திருடிப் பிழைத்தவள், பன்னிரண்டாவதுக்கு என்ன கௌரவம். ஆனால் இந்த ஒன்றுக்கு மட்டும்தான் காசு கொடுத்தேன், அப்பாவுக்காகக் கொடுத்தேன், இப்போது காசைத் திரும்ப வாங்கிவிட்டால் அவரும் ஓசி உடம்பில்தான் நிற்கிறார், நீலக் கோட்டுக்காரர்கள் மாதிரி. படத்தைக் கழற்றிவிட்டு மூன்றாவது வரிசைப் பாதி முகத்தை மாட்டலாம், திதிக்கு வருகிறவர்கள் யார் இது என்பார்கள். பணத்தை விட்டுவிட்டுப் படத்தை வைத்துக்கொள்ளலாம், முப்பது இலை என்ன ஆவது. ஓவன் இருக்கிறீர்களா என்று கேட்டான். ஒரு நிமிஷம் என்று அடித்துவிட்டு வாசலுக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டேன். எண்ணெய்க் கடையில் மதியச் சாப்பாட்டு நேரம், எடுத்தாள். "என்னடி இந்நேரத்துல? சாப்ட்டியா?" "சாப்பிடணும். அம்மா, அப்பா படத்தக் கழட்டிட்டு வேற மாட்டலாமா?" "எதுக்கு? கண்ணாடி நல்லாத்தான இருக்கு." "கண்ணாடி இல்லம்மா." எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். "அது அப்பா உடம்பு இல்லம்மா. தல மட்டுந்தான் அப்பாவோடது." அம்மா சிரித்தாள், வாயில் சோறு இருந்தது. "அடி கூறுகெட்டவளே, முப்பத்தெட்டு வருசம் அவருக்குத் துணி தொவச்சவ நான். அப்படி ஒரு சட்ட அவர்ட்ட ஏது?" "கையப் பாத்தியாம்மா?" என்றேன். அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம் நின்றது. யாரோ டப்பாவை உருட்டினார்கள்.

"பதினாறாம் நாளே பாத்தேன். வெரல் முழுசா இருக்கு." "ஏம்மா சொல்லல?" "என்னத்தச் சொல்லச் சொல்ற. சாகுற வரைக்கும் அந்தக் கைய ஒளிச்சு ஒளிச்சே நின்ன மனுசன். ஒன்னப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட துண்டுக்குள்ள வச்சுக்கிட்டு நின்னாரு, மாப்பிள்ளைக்குக் கை குடுக்கல. இப்பத்தான் முன்னால கட்டிக்கிட்டு நிமிந்து நிக்காரு. தெனமும் பூ வைக்கிறப்பப் பாக்கேன்ல, எனக்கு நல்லாத்தான் இருக்கு. நிக்கட்டும்டி. அத ஒண்ணும் செஞ்சிராத." சரிம்மா என்றேன். "போய்ச் சாப்பிடு" என்று வைத்துவிட்டாள். வாசலில் வெயில், எதிரே பஸ் ஹாரன், ஒரு பேனர் வண்டி இன்னொரு மாப்பிள்ளையைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு போகிறது. ஒரு வருஷம் நான் பார்க்கப் பயந்த இடத்தில் அம்மா தினமும் பூ வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அழுகை வந்தது, இந்தத் தடவை தூசி என்று யாரிடமும் சொல்லவில்லை, நின்று அழுதேன், ரொம்ப நேரமெல்லாம் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஓவன் அதே கேள்வியை மறுபடி போட்டிருந்தான், இரண்டு நிமிடத்தில் பதில் இல்லையென்றால் உரையாடல் முடிந்துவிடும் என்று கூடவே. மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா, ஓசிதான். அந்த விரலை ஒரு கம்பெனி எடுத்தது, இன்னொரு கம்பெனி கொடுத்ததாக இருக்கட்டும். சட்டத்துக்குள் இருக்கிற படத்தின் கோப்பைத் தொடவில்லை. அதற்குக் கீழே அப்பா 2 என்று இருந்தது, திறந்து கடைசியாக ஒரு தடவை பார்த்தேன், நல்ல வேலைதான், வெட்டிய இடம் தெரியவே இல்லை. அழித்தால் திரும்பப் பெற முடியாது, அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். பெட்டிக்குத் திரும்பி, அழித்துவிட்டேன் என்று அடித்தேன்.